மோட்டரை மாற்ற முதல் டாங்கியின் காற்றைப் பாருங்கள்

கன்னியாப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிற உங்கள் வீட்டில், பைப்பைத் திறந்ததும் தண்ணீர் வேகமாக வந்து உடனே சோர்ந்துவிடுகிறது, மோட்டர் சில விநாடிக்கொருமுறை நின்று நின்று ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புது மோட்டர் வாங்கச் சொன்னவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். எனக்கு இது பிரஷர் டாங்கியில், அதாவது தண்ணீரைக் காற்றழுத்தத்தோடு வைத்திருக்கிற டாங்கியில், காற்று இறங்கின கதையாகத்தான் தெரிகிறது.

மெயின் சுவிட்சை நிறுத்தி, பைப்பைத் திறந்து டாங்கித் தண்ணீரை முழுதாக வடியவிடுங்கள். தண்ணீரோடு அளந்தால் காற்றழுத்தம் காட்டுகிற கேஜ் பொய் சொல்லும். டாங்கியில் ஒரு சின்ன மூடி இருக்கும். கழற்றினால் மோட்டார் சைக்கிள் டயரில் இருக்கிற மாதிரி வால்வுதான். நுனியை லேசாக அழுத்துங்கள். தண்ணீர் பீச்சினால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது; அப்புறம் காற்றடித்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வெறும் காற்று வந்தால், மோட்டர் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கிற அதே அலகு) குறைவாக வையுங்கள். 20-இல் தொடங்குகிற மோட்டருக்கு 18. சைக்கிள் பம்பே போதும்.

சரிவராவிட்டால் கிணற்றை எட்டிப் பாருங்கள். மாரிக்கு முதல் தண்ணீர் கீழே இறங்கியிருக்கலாம். மேலே வைத்த சாதாரண மோட்டர் 25 அடிக்குக் கீழிருந்து உறிஞ்சத் திணறும். எங்கள் கிணற்றில் ஒருமுறை ஃபுட் வால்வு, அதாவது உறிஞ்சுகிற பைப்பின் அடியில் இருக்கிற வால்வு, பாதி வெளியே தெரிந்தது; பைப்பில் தண்ணீர் வெள்ளை நுரையாக வந்தது. அப்படி வந்தால் மோட்டரை உடனே நிறுத்துங்கள், அதற்குள் தண்ணீர் கசியாமல் தடுக்கிற சீல் கருகிவிடும்.