வைரஸ் தன் மரபுப்பொருளைப் படியெடுக்க நம் செல்லின் கருவிகளையே முழுக்க நம்பியிருக்கிறதா?

வைரஸுக்கென்று சொந்தமாக எதுவும் இல்லை, செல்லுக்குள் நுழைந்தபின் அதன் கருவிகளைக் கொண்டே தன்னைப் படியெடுக்கிறது என்று குறிப்பில் இருக்கிறதே, அது எப்படி நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பிளஸ் டூ உயிரியல் படிப்பவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்த வாக்கியம் பாதிதான் உண்மை. மதுரையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிக்கும் நான், விட்டுப்போன மறுபாதிக்காகப் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேலூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் என் அண்ணன், வாடிவாசலுக்கென்று ஒரு காளை வளர்க்கிறார். ஒருமுறை அதற்குக் கோமாரி கண்டது. முந்தின நாள்வரை பருத்திக்கொட்டைக்கு முட்டிக்கொண்டு வந்த மாடு, வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிய, கொப்புளம் உடைந்து நாக்கின் மேல்தோல் உரிந்து, குளம்பிடுக்கில் புண் வைத்து, ஊன்ற முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தபடி நின்றது. அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் என்னிடம் கேட்டாள்: "அத்தை, கோமாரி வைரஸ்ல இருக்கிறது ஆர்என்ஏ. மாட்டோட செல்லு டிஎன்ஏவைப் பார்த்துத்தானே ஆர்என்ஏ எடுக்கும்? ஆர்என்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எடுக்க அதுகிட்ட நொதி ஏது?" பட்ட வகுப்பில்கூட இந்தக் கேள்வியை யாரும் எளிதில் கேட்டுவிடுவதில்லை.

அவள் ஐயம் முற்றிலும் நியாயமானது. மாட்டின் செல்லிலும் நம் செல்லிலும் வைரஸின் நீண்ட ஆர்என்ஏவை அப்படியே ஆர்என்ஏவாகப் படியெடுத்துத் தரும் நொதி கிடையாது. (தாவரங்களில் அந்த இனத்தில் ஒரு நொதி உண்டே என்று சொல்ல வருபவர்களுக்கு: உண்டு, நான் பேசுவது மாடு, மனிதர் போன்ற பாலூட்டிகளின் செல்லைப் பற்றி.) கோமாரி வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 8,400 நியூக்ளியோடைடுகள் (ஆர்என்ஏவைக் கட்டும் அலகுகள்) கொண்ட ஒற்றை இழை ஆர்என்ஏ. அது உட்கருவைச் சூழ்ந்த சைட்டோபிளாசத்தை அடைந்ததும் படியெடுப்பு தொடங்கிவிடுவதில்லை. முதலில் செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம் அதைச் செல்லின் எம்ஆர்என்ஏவைப் போலவே படித்து, ஒரே நீளமான புரதமாகக் கோத்துத் தருகிறது. அந்தப் புரதம் தன்னைத்தானே துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிறது. ஒரு துண்டு, செல் தன் சொந்தப் புரதங்களைத் தயாரிக்கத் தேவையான காரணி ஒன்றை அறுத்து, ரைபோசோம்களை வைரஸின் வேலைக்குத் திருப்பிவிடுகிறது. இன்னொரு துண்டுதான் 3டி எனப்படும் ஆர்என்ஏ பாலிமரேஸ், அதாவது அவள் தேடிய நொதி. படியெடுப்பைத் தொடங்குவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும்; அதற்கான விபிஜி என்ற மிகச் சிறிய புரதமும் வைரஸ் தந்ததே.

மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியில் கொலு பொம்மை செய்பவர்கள் ஒரு பொம்மையிலிருந்து அச்சு எடுத்து, அந்த அச்சிலிருந்து பல பொம்மைகளை எடுப்பதைப் போல, பாலிமரேஸ் முதலில் ஓர் எதிரிழையை உண்டாக்கி, அந்த எதிரிழையிலிருந்து மூல இழைகளை அடுத்தடுத்து எடுக்கிறது. புதிய இழைகளில் சில மீண்டும் ரைபோசோமுக்குப் போகின்றன. சில புரத உறைக்குள் அடைக்கப்பட்டு வெளியேறுகின்றன. செல்லின் உட்கருவுக்கு இதில் வேலையே இல்லை. ரைபோசோம், ஆற்றல், நியூக்ளியோடைடுகள், சவ்வுகள் எல்லாம் செல்லுடையவை. படியெடுக்கும் நொதி மட்டும் வைரஸுடையது.

இதையே என் அண்ணன் மகள் ஒரு தனியார் பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வில் எழுதினாள். விடையின் குறுக்கே சிவப்பு மையால் கோடு இழுத்து, ‘விருந்தோம்பி செல்லின் நொதிகள்’ என்று திருத்தியிருந்தார்கள். நேரில் போய்க் கேட்டேன். குறிப்பில் உள்ளபடி எழுதினால்தான் மதிப்பெண் என்றார்கள். நிலத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கட்டணமாகக் கட்டிவிட்டு, சரியாகச் சிந்தித்ததற்காக ஒரு பெண் மதிப்பெண் இழக்க வேண்டுமா என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பள்ளி மாணவருக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் பின்னூட்டத்தில் கேட்கக்கூடும். அந்த நொதி நம்முடையது அல்ல என்பதால்தான் நம் செல்லைப் பெரிதும் வருத்தாமல் அதைத் தாக்கும் மருந்து சாத்தியமாகிறது. ஹெபடைடிஸ் சி நோயைக் குணமாக்கும் சோஃபோஸ்புவிர் அந்த வைரஸின் பாலிமரேஸையே முடக்குகிறது. மேலும், இத்தகைய நொதிகள் பிழை திருத்துவதில்லை. சுமார் 10,000 நியூக்ளியோடைடுகளுக்கு ஒன்று என்ற அளவில் தவறு நேர்கிறது. கோமாரி வைரஸ் ஏழு வகைகளாகப் பிரிந்திருப்பதற்கும், ஒரு வகைக்கு எதிரான பாதுகாப்பு இன்னொன்றைத் தடுக்காததற்கும், நம் நாட்டுத் தடுப்பூசியில் ஓ, ஏ, ஆசியா 1 என்ற மூன்றையும் சேர்ப்பதற்கும் அடிப்படை அங்கேதான் இருக்கிறது.

எல்லா வைரஸும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. வெறிநாய்க்கடி வைரஸின் ஆர்என்ஏ எதிரிழையாக இருப்பதால் ரைபோசோம் அதைப் படிக்க இயலாது. ஆகவே அது பாலிமரேஸைத் தயாராகத் தன்னுடனே கொண்டுவருகிறது. எச்ஐவி தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி நம் மரபணுத்தொகுதியிலேயே செருகிவிடுகிறது. அத்தகைய வைரஸ்களில் உள்ள தலைகீழ் படியெடுப்பு நொதியை அறிவியலாளர்களான டெமினும் பால்டிமோரும் 1970-இல் தனித்தனியே கண்டறிந்தார்கள். மருவை உண்டாக்கும் பாப்பிலோமா போன்ற சிறிய டிஎன்ஏ வைரஸ்களோ உண்மையிலேயே நம் டிஎன்ஏ பாலிமரேஸை நம்பியிருப்பவை; உங்கள் குறிப்பிலுள்ள வாக்கியம் பொருந்துவது அவற்றுக்குத்தான். எனவே விடையில் எந்த வைரஸ் என்பதை முதலில் எழுதி, நொதி யாருடையது என்பதைப் பிறகு எழுதுங்கள். அதற்காக மதிப்பெண் குறைத்தால் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள்.