அடுத்த வார மழையும் இருபது வருஷ வெயிலும்

கேள்வி: பேராக், சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு மூன்று ஏக்கர் பால்மரம் இருக்கிறது. மறுநடவு செய்யப் போகிறோம். வெயில் கூடிக்கொண்டே போகும் என்கிறார்களே, அதற்கேற்ற ஏற்பாடு வேண்டுமா என்று கேட்டால் அக்காள் மகன் சிரிக்கிறான். “அடுத்த வார மழையையே சொல்லத் தெரியவில்லை, இருபது வருஷத்தைச் சொல்கிறார்களா? எல்லாம் கேயாஸ், மாமா” என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மருமகன் பாதி சரி. 1961இல் எட்வர்டு லோரென்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கணினியில் ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டினார். 0.506127 என்று இருந்ததைச் சுருக்கி 0.506 என்று போட்டார். அவ்வளவுதான். கொஞ்ச தூரம் சேர்ந்து போன இரண்டு கணக்கும் அப்புறம் எங்கெங்கோ போய்விட்டன. தொடக்கத்தில் துளி வித்தியாசம் பின்னால் பெரிதாகிவிடும் இதைத்தான் கேயாஸ் என்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு அப்பால் இன்ன நாளில் மழை என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

மீதிப் பாதிக்கு உங்கள் தோட்டத்தையே பாருங்கள். வெயிலில் ரப்பர் காய் படீரென்று வெடிக்கிறது. எந்தக் கொட்டை எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நிலம் சரிவாக இருந்தால் முக்கால்வாசி கொட்டை கீழே தண்ணீர் ஓடும் கானில்தான் கிடக்கும். கொட்டை விழுவது வானிலை, நிலத்தின் சரிவு பருவநிலை. அந்தச் சரிவைத்தான் நாம் மாற்றிக்கொண்டிருக்கிறோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

இந்த இரண்டுக்கும் நடுவில் எல் நினோ என்று ஒன்று உண்டு: சில வருஷத்துக்கு ஒரு முறை பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி, நம் பக்கம் வெயிலும் வறட்சியும் கூடும். அது எந்த வருஷம் வரும் என்பதில் கேயாஸ் இருக்கத்தான் செய்கிறது. சில மாதம் முன்னால்தான் தெரியும். அப்படி வந்த ஒரு எல் நினோவில்தான், 1998 ஏப்ரலில், மலேசியாவின் வடகோடியில், பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 பாகை வெயில் அடித்தது.

கன்று வெட்டுக்கு வரவே ஐந்தாறு வருஷம், அப்புறம் இருபது வருஷம் பால் தர வேண்டும். ஆகவே கூடுதல் வெயிலை நம்பியே ஏற்பாடு செய்யுங்கள். வரிசைக்கு நடுவே மூடுபயிர், கன்றின் அடியில் காய்ந்த தழை, வறட்சிக்கு ஒரு சின்னக் குளம் போதும். அக்டோபர், நவம்பர் மழையில் நடுங்கள். நடும் நாளைக் குறிக்க மட்டும் மருமகன் பேச்சைக் கேளுங்கள்: கன்றை லாரியில் ஏற்றுமுன் அடுத்த மூன்று நாள் முன்னறிவிப்பைப் பார்த்தால் போதும், அதற்கு மேல் பார்க்க வேண்டாம்.