தெரியாததால்தான் பயமா?

அன்புள்ள ஐயா,

மரபணு மாற்றப்பட்ட உணவு பற்றி எங்கள் வீட்டில் ஒரு சண்டை. நான் வேண்டவே வேண்டாம் என்கிறேன். உயிரியல் படித்த என் மகள், "உங்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால்தான் பயப்படுகிறீர்கள்" என்கிறாள். மரபணு என்றால் என்ன என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாதுதான். அப்படியானால் என் கருத்துக்கு மதிப்பே கிடையாதா? மக்களுக்கு விழிப்புணர்வு வந்துவிட்டால் இந்த எதிர்ப்பு போய்விடுமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம்.

2015இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் நடத்திய உணவுக் கருத்துக்கணிப்பில் ஒரு குறும்பான கேள்வி இருந்தது. டிஎன்ஏ, அதாவது மரபணுக்கள் அடங்கிய பொருள், உள்ள உணவுகளுக்குக் கட்டாயம் லேபிள் வேண்டுமா? சுமார் 80 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். டிஎன்ஏ இல்லாத காயும் இல்லை, கறியும் இல்லை. (லேபிள் வேண்டுமா என்று கேட்டால் எதற்கும் வேண்டும் என்றுதான் தலையாட்டுவோம். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?) 2019இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சங்கடமானது. இந்த உணவைக் கடுமையாக எதிர்ப்பவர்கள்தான் தங்களுக்கு அதைப் பற்றி நன்றாகத் தெரியும் என்று நம்பினார்கள். அறிவியல் கேள்விகளில் குறைந்த மதிப்பெண் வாங்கியதும் அவர்களே. தெரியாது என்று நீங்களே எழுதிவிட்டதால் உங்களை அந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது.

சரி, தெரியாமைதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் பிரிட்டனில் நடந்ததை எப்படி விளக்குவது?

1996 தொடக்கத்தில் மரபணு மாற்றப்பட்ட தக்காளியில் செய்த விழுது அங்கே டப்பாவில் விற்பனைக்கு வந்தது. மரபணு மாற்றப்பட்ட தக்காளி என்று டப்பாவின் மேலேயே வெளிப்படையாக அச்சிட்டிருந்தார்கள். சாதாரண விழுதும் கடையில் கிடைத்தது. புது டப்பா விலை குறைவு. மக்கள் பார்த்தார்கள், படித்தார்கள், வாங்கினார்கள். நன்றாகவே விற்றது.

அதே ஆண்டுக் கடைசியில் அமெரிக்காவிலிருந்து களைக்கொல்லியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய சோயா வந்து இறங்கியது, சாதாரண சோயாவோடு கலந்தே. பிரித்துத் தாருங்கள் என்று ஐரோப்பியக் கடைக்காரர்கள் கேட்டும் நடக்கவில்லை. சோயாவோ ரொட்டி முதல் சாக்லேட் வரை எங்கெங்கோ ஒளிந்திருக்கிற சரக்கு. எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை.

இதற்கு நடுவில் மாட்டிறைச்சி விவகாரம். 1990இல் பிரிட்டன் விவசாய அமைச்சர் கேமராக்களுக்கு முன்னால் தன் நான்கு வயது மகளிடம் பர்கரை நீட்டி, மாட்டிறைச்சி பாதுகாப்பானது என்று காட்டினார். 1996 மார்ச்சில் அரசே நாடாளுமன்றத்தில், பைத்திய மாட்டு நோய்க்கும் மனிதர்களைத் தாக்கிய புதிய மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று சொல்ல வேண்டி வந்தது. அதற்குப் பிறகு ஆபத்தில்லை என்று எந்த அதிகாரி சொன்னாலும் யார் காதில் ஏறும்? 1998இல் மரபணு மாற்றிய உருளைக்கிழங்கை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு விஞ்ஞானி தொலைக்காட்சியில் கவலை தெரிவித்தார். அந்த ஆய்வில் குறைகள் இருந்ததாக பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி பின்னர் சொன்னது. ஆனால் நெருப்பு பற்றியாகிவிட்டது. 1999இல் அந்தத் தக்காளி விழுதும் கடைகளை விட்டுப் போயிற்று.

மூன்று ஆண்டுகளில் பிரிட்டன் மக்கள் உயிரியலை மறந்துவிடவில்லை. அவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. கேட்காமல் தட்டில் வைத்தார்கள் என்ற கோபமும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மரபணு மாற்றிய பாக்டீரியாவில் தயாராகும் இன்சுலினுக்கு 1982இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்து இன்றைக்கு யாரும் கொடி பிடிப்பதில்லை. ஊசி போட்டுக்கொள்பவருக்குத் தனக்கு என்ன லாபம் என்று தெரியும். முதலில் பரவலான பயிர்களோ பெரும்பாலும் களைக்கொல்லியைத் தாங்கின, இல்லையென்றால் பூச்சியைக் கொன்றன. லாபம் விவசாயிக்கு, விதை நிறுவனத்துக்கு. சாப்பிடுகிறவருக்கு ருசியும் கூடவில்லை, சத்தும் கூடவில்லை. எனக்கு ஒன்றும் கிடைக்காத இடத்தில் நான் ஏன் கொஞ்சமாவது ரிஸ்க் எடுக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், அவர் கணக்குத் தெரிந்தவர் என்றுதான் சொல்வேன்.

உடல்நலம் பற்றி என் நிலையைக் கேட்டால், சந்தையில் இருக்கும் இந்த உணவுகளைச் சாப்பிட எனக்குப் பயமில்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் வெளியிட்ட பெரிய அறிக்கை, மற்ற உணவைவிட இவற்றால் உடலுக்கு அதிக ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. களைக்கொல்லிக்கு அடங்காத களைகள் பெருகியது பெரிய விவசாயப் பிரச்சினை என்றும் அதே அறிக்கை சொன்னது. இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆக, உங்கள் கருத்தின் மதிப்பு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதைத் தின்றால் நோய் வரும் என்று சொல்வதானால் படித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். நான் வாங்குவதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று சொல்ல எந்தப் படிப்பும் வேண்டாம்.

விழிப்புணர்வு பற்றிக் கேட்டீர்கள். லேபிள் ஒட்டினால் மக்கள் மிரண்டுவிடுவார்கள் என்று உணவு நிறுவனங்கள் பல வருடங்கள் எதிர்த்தன. 2016 ஜூலையில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் லேபிளைக் கட்டாயமாக்கியது. அங்கே எதிர்ப்பு, மற்ற மாநிலங்களோடு ஒப்பிடும்போது, சுமார் 19 சதவீதம் குறைந்ததாக 2018இல் வந்த ஆய்வு காட்டியது. பாடம் நடத்தி வந்த மாற்றம் இல்லை இது. பாக்கெட்டில் நாலு வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் நாடு முழுவதற்குமாக 2022இல் கட்டாயமான விதியோ, எழுத்துக்குப் பதில் க்யூஆர் குறியீடு போட்டாலும் சரி என்றது. கூடையும் கையுமாக நிற்கிறவர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் போனை எடுத்து ஸ்கேன் செய்வாராம்! எழுதினால் படித்துவிடுவார்களே என்ற தயக்கம் தவிர இதற்கு எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

மரபணு என்றால் என்ன என்று ஒருநாள் மகளிடமே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அரை மணி நேரம் போதும். அப்புறம் நீங்கள் கேளுங்கள்: எந்தப் பயிர், அதில் எதை மாற்றினார்கள், யாருக்காக? அவளும் கொஞ்சம் படித்துவிட்டு வர வேண்டியிருக்கும்.