வெண்டர் மீட்டும் அறிமுகமும் – கடிதம்

வணக்கம் சார்,

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஹெச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குச் சரக்கு கொடுப்பவர்களை அழைத்து வருடா வருடம் பாலக்காட்டில் வெண்டர் மீட் நடத்துகிறோம். நூறு பேருக்கு மேல் வருவார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு பக்கமும், பாலக்காடு, திருச்சூர்க்காரர்கள் இன்னொரு பக்கமும் உட்கார்ந்துகொள்கிறார்கள். சாப்பிட்டதும் கிளம்பிவிடுகிறார்கள். இந்த முறை எல்லோரும் கலந்து பழக ஏதாவது செய் என்று மேலே சொல்லிவிட்டார்கள். ஐஸ்பிரேக்கர் விளையாட்டு வைக்கலாமா? ஆப் போடலாம் என்றும் ஒருவர் சொல்கிறார்.

ர., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ர.,

விளையாட்டு வேண்டாம். ஃபவுண்டரி நடத்தும் பெரிய மனிதரை மேடைக்கு அழைத்து பலூன் ஊதச் சொன்னால் ஊதுவார், சிரிக்கவும் செய்வார். அடுத்த வருடம் தன் மேனேஜரை அனுப்பிவைப்பார்.

அவர்கள் பிரிந்து உட்காருவதற்கு மொழி காரணமில்லை. உங்கள் பக்கத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பேசாத வியாபாரி யார்? தெரிந்த முகத்தோடு ஒட்டிக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் இங்ரமும் மைக்கேல் மோரிஸும் நியூயார்க்கில் இப்படி ஒரு வணிகச் சந்திப்புக்கு வந்தவர்களுக்கு மின்னணு பேட்ஜ் மாட்டி, யார் யாரோடு நிற்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். ஆய்வு 2007-ல் வெளியானது. புது ஆட்களைப் பார்க்கத்தான் வந்தோம் என்று முன்கூட்டியே சொன்னவர்கள், உள்ளே போனதும் பழைய நண்பர்களையே தேடிப் போனார்கள். பலதரப்பட்ட ஆட்களோடு பேசியதில் முதலிடம் மதுக் கவுண்டரில் நின்ற ஊழியருக்கு!

அதே ஆய்வில் உங்களுக்கு உதவக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு கும்பலில் தன் இனத்தவர் (கறுப்பர், வெள்ளையர் என்பது போல) ஒருவராவது இருந்தால், மற்றவர்கள் யாராக இருந்தாலும் மனிதர்கள் அதில் போய்ச் சேர்ந்தார்கள், நின்று பேசவும் செய்தார்கள். அதனால் கோயம்புத்தூர்க்காரர்களை ஆளுக்கொரு மேஜையாகப் பிய்த்துப் போடாதீர்கள். இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். கூட ஒருத்தர் இருக்கிறார் என்ற தைரியத்தில் எதிரில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பார்கள்.

ஆனால் இதையெல்லாம் விடப் பலன் தருவது ஒன்றுதான்: இருவரையும் தெரிந்த ஒருவர் நடுவில் நின்று அறிமுகம் செய்துவைப்பது. அந்த ஆள் உங்கள் பர்ச்சேஸ் பிரிவில்தான் இருக்கிறார். "சார், இவர் பீளமேட்டில் சி.என்.சி. மெஷின் வைத்திருக்கிறார். போன மாதம் ஜாப் ஒர்க்குக்கு ஆள் கேட்டீர்களே?" அவ்வளவுதான். சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வெறுமனே பேரையும் பதவியையும் சொல்லி விட்டுவிட்டால், இரண்டு பேரும் விசிட்டிங் கார்டை மாற்றிக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எல்லோரும் நண்பர்களாகிவிட வேண்டும் என்று உங்கள் மேலிடம் எதிர்பார்த்தால் அது அதிகம், தேவையும் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே இதை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் விசாரித்தபோது, பெரும்பாலும் அந்தத் தெரிந்தவர் எப்போதாவது பார்க்கிற ஆளாகவே இருந்தார். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த சேதி பெரும்பாலும் நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆர்டரும் அப்படித்தான் வருகிறது என்பது என் எண்ணம்.

அப்புறம் நேரம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன், தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வாளையார் செக்போஸ்டில் வரி சோதனைக்காக லாரிகள் வரிசைகட்டி நிற்கும். டிரைவர்கள் டீக்கடையில் ஊர் பேர் தெரியாதவரோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு யாரும் ஐஸ்பிரேக்கர் நடத்தவில்லை. செய்ய வேலை இல்லை, திட்டுவதற்குப் பொதுவாக ஒரு விஷயம் இருந்தது! உங்கள் நிகழ்ச்சியிலோ பவர்பாயிண்ட் முடிந்தால் சாப்பாடு, சாப்பாடு முடிந்தால் கார். பேச்சுகளில் இரண்டை வெட்டிவிட்டு, சாப்பாட்டுக்கு முன்பே முக்கால் மணி நேரம் டீக்கு விடுங்கள். அந்த இடத்தில் நாற்காலி போடாதீர்கள். டீ ஒரு மூலையிலும் பழம்பொரி எதிர் மூலையிலும் இருக்கட்டும். நடக்கிற வழியில்தான் ஆட்கள் எதிர்ப்படுவார்கள்.

பேட்ஜைக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டால் அது வயிற்றுக்கு இறங்கி, திரும்பிக்கொண்டு வெள்ளை முதுகைக் காட்டும். இரண்டு பக்கமும் அச்சடியுங்கள். பெயர் பெரிதாக இருக்கட்டும். கீழே 'மேனேஜிங் பார்ட்னர்' என்று போடுவதைவிட 'ரப்பர் கேஸ்கட்' என்று என்ன செய்கிறார் என்பதைப் போடுங்கள். பேச்சைத் தொடங்க அதுவே போதும்.

ஆப் தேவையில்லை. யார் யார் வருகிறார்கள், எந்த ஊர், என்ன தயாரிக்கிறார்கள் என்ற பட்டியலை ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். போன் நம்பரை மட்டும் அவரவரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இப்போதே பர்ச்சேஸில் உட்கார்ந்து, சந்திக்க வேண்டிய ஜோடிகளை எழுதி வாங்குங்கள். இருபது ஜோடி கிடைத்தால் தாராளம். அவர்கள் பிகு பண்ணினால் ஸ்டோர்ஸில் பழைய ஆள் ஒருவரைப் பிடியுங்கள். யார் யாருக்குப் பாக்கி வைத்திருக்கிறார்கள், யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.