ஐந்து பவுன் எத்தனை கியாத்தா? கிலோ பட்டியலோடு வீசைச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஐயா, தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். ஐந்து பவுன் போடுவதாகப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தம் என்பதால் பவுனில் பேசுகிறார்கள். இங்கே நகைக்கடையில் கியாத்தா, பே என்கிறார்கள். விருந்துக்கு மதுரை மாமா அனுப்பிய சாமான் பட்டியல் முழுக்க கிலோவும் லிட்டரும். நம் சந்தையில் வீசையும் பியியும். போதாததற்கு, கல்யாணத்துக்குப் போடவேண்டிய மாங்காய் ஊறுகாய்க்கு ஆச்சியின் பழைய நோட்டில் வீசை, பலம், படி என்று இருக்கிறது. எதை எதற்கு மாற்றுவது?"

நகையில் தொடங்குவோம். பணம் புரளும் இடம் அதுதான்.

தமிழ்நாட்டு நகைக்கடைப் பவுன் என்பது 8 கிராம். ஐந்து பவுன் 40 கிராம். பர்மாவில் 100 கியாத்தா ஒரு வீசை. ஒரு வீசை 1.633 கிலோ. ஆகவே ஒரு கியாத்தா 16.33 கிராம். தங்கத்துக்கு அதை மேலும் உடைப்பார்கள்: 16 பே ஒரு கியாத்தா, 8 யுவே ஒரு பே. ஒரு பே ஏறக்குறைய ஒரு கிராம் என்று மனதில் வைத்துக்கொண்டால் கடையில் நிற்கும்போது உதவும். உங்கள் 40 கிராம் இந்தக் கணக்கில் 2 கியாத்தா, 7 பே, ஒன்றரை யுவே வரும்.

ஆனால் கியாத்தாவை 16.6 கிராமாக எடுக்கும் கணக்கும் தங்க வியாபாரத்தில் உண்டு. அந்தக் கணக்கில் அதே 40 கிராம் 2 கியாத்தா ஆறரை பேதான். வித்தியாசம் முக்கால் பேக்குக் கொஞ்சம் குறைவு. தங்கத்தில் அது சின்னத் தொகை அல்ல. அதனால் விலை பேசுவதற்கு முன்பே "உங்கள் கியாத்தா எத்தனை கிராம்?" என்று கேட்டுவிடுங்கள். பில்லில் கிராமையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை, நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இன்னொன்று, எடை வேறு, மாற்று வேறு. கடைக்காரர் "பதினைந்து பே" என்றால் அது பெரும்பாலும் எடை அல்ல, தங்கத்தின் தரம். பதினாறு பே சுத்தத் தங்கம். பதினைந்து பே கொஞ்சம் கலப்பு சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பது 22 காரட், அதாவது 91.6 சதவீதம். பதினைந்து பேத் தங்கம் அதைவிடச் சற்று உயர்ந்தது. ஆக 40 கிராமும் பதினைந்து பேயில் எடுத்தால் நீங்கள் பேசியதைவிடக் கொஞ்சம் கூடவே போடுகிறீர்கள். பேச்சுவார்த்தையில் சொல்லிவைக்கலாம், தப்பில்லை.

அடுத்தது சாமான். எடையில் விற்பதற்கு மனக்கணக்கே போதும்: கிலோவை 0.6ஆல் பெருக்கினால் வீசை. பத்து கிலோவுக்குப் பன்னிரண்டு கியாத்தா வீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து கிலோ வெங்காயம் 6 வீசை 12 கியாத்தா. ஐந்து கிலோ துவரம்பருப்புக்கு 3 வீசை வாங்கினால் நூறு கிராம்தான் குறையும், சாம்பாருக்கு அது தெரியாது.

எண்ணெயில்தான் ஆட்கள் சறுக்குவார்கள். மாமா லிட்டரில் எழுதியிருப்பார். நம் ஊரில் எண்ணெயை வீசையில் நிறுத்துத் தருகிறார்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 920 கிராம்தான் இருக்கும். ஆகவே ஒரு வீசை எண்ணெய் ஏறக்குறைய 1.78 லிட்டர். ஐந்து லிட்டருக்கு 2 வீசை 80 கியாத்தா போதும். லிட்டருக்கு ஒரு வீசை என்று குத்துமதிப்பாக வாங்கினால் ஒன்பது லிட்டர் வந்து சேரும். மீந்ததில் அடுத்த வருஷம் வரை அப்பளம் பொரிக்கலாம்.

அரிசி எடை அல்ல, முகத்தல். எட்டுப் பால் டின் ஒரு பியி, பதினாறு பியி ஒரு கூடை. ஒரே கூடைதான், நெல் போட்டால் 46 பவுண்டு என்பது கணக்கு, அரிசி போட்டால் 75 பவுண்டு. கிலோவில் சொன்னால் கிட்டத்தட்ட 21, 34. இதனால்தான் "ஒரு பியி எத்தனை கிலோ?" என்று கேட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. அரிசி மூட்டையை 24 பியி, 108 பவுண்டு என்று வைப்பது வழக்கம். அந்தக் கணக்கில் ஒரு பியி அரிசி இரண்டு கிலோவுக்குச் சற்று மேல், மூட்டை 49 கிலோ. மாமா 25 கிலோ என்று எழுதியிருந்தால் அரை மூட்டை வாங்குங்கள், வேலை முடிந்தது. பியிக் கணக்கில் சில்லறையாக வாங்கினால் தலை தட்டி அளக்கிறாரா, குவித்து அளக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விருந்து அளவுக்கு வாங்கும்போது மூட்டையைத் தராசில் வைப்பதே நிம்மதி.

இனி ஆச்சியின் நோட்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சென்னை மாகாணத்து வீசையும் பர்மா வீசையும் ஒன்றல்ல. அங்கே 40 பலம் ஒரு வீசை, ஒரு பலம் 35 கிராம், வீசை 1.4 கிலோ. இந்தியா 1956இல் சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறியதால் அங்கே இன்று இளையவர்களுக்கு வீசை தெரியாது. பர்மாவில் 2013 அக்டோபரில் வர்த்தக அமைச்சகம் மெட்ரிக்குக்கு மாறத் தயாராவதாக அறிவித்தது. சந்தைத் தராசு இன்னும் அசையவில்லை. ஆக நோட்டில் உள்ள வீசை எந்தக் கரையில் எழுதியது என்று கண்டுபிடிக்க வேண்டும். வழி சுலபம்: வீசைக்குக் கீழே பலம் வந்தால் அது ஊர் வீசை, கியாத்தா வந்தால் இங்கத்து வீசை. உங்கள் ஆச்சி பலம் எழுதியிருக்கிறார், எனவே 1.4 கிலோ.

எல்லாமே வீசையில் இருந்தால் எந்த வீசை என்று கவலைப்படவே வேண்டாம், விகிதம் மாறாது. கலந்திருந்தால்தான் ஆபத்து. உதாரணத்துக்கு மாங்காய் 2 வீசை, உப்பு 10 பலம் என்று இருந்தால் ஆச்சியின் கணக்கில் மாங்காய் 2.8 கிலோ, உப்பு 350 கிராம். மாங்காயில் எட்டில் ஒரு பங்கு உப்பு. நீங்கள் சந்தையில் 2 வீசை மாங்காய் வாங்கி அதே 350 கிராம் உப்பைப் போட்டால், மாங்காய் 3.27 கிலோ ஆகிவிட்டதால் உப்பு ஒன்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஜாடியில் பூஞ்சை பிடித்த பிறகு ஆச்சியின் கைமணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

படிக்கு மட்டும் நான் ஒரு எண் தரப்போவதில்லை. படி ஜில்லாவுக்கு ஜில்லா மாறியது. வீட்டில் அந்தப் பழைய படி இருந்தால், அதில் மிளகாய்த்தூளைத் தலைதட்டிப் போட்டு ஒருமுறை நிறுத்து, நோட்டின் ஓரத்தில் கிராமில் எழுதிவிடுங்கள். கடுகுத்தூளுக்கும் தனியாக அப்படியே. படி இல்லையென்றால் முதலில் ஒரு சின்ன ஜாடி போட்டு ருசி பார்த்துவிட்டு, அப்புறம் கல்யாண ஜாடிக்குப் போங்கள்.