மெஷின் மேல் பழி போடுவதற்கு முன்

கேள்வி: என் மாமியாருக்கு 64 வயது. வீட்டு பிரஷர் மெஷினில் 134 காட்டுகிறது, கிளினிக்கில் பார்த்தால் 152. போன வாரம் வீட்டிலேயே பத்து நிமிஷத்தில் மூன்று தடவை பார்த்தேன், மூன்றும் மூன்று மாதிரி. வேறு மெஷின் வாங்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசரப்படாதீர்கள். கிளினிக்கில் பார்த்தபோது அவர் கை எங்கே இருந்தது? பெரும்பாலும் மடியில் இருந்திருக்கும், இல்லையென்றால் நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். கை இதயத்தை விடத் தாழ்ந்திருந்தால் ரத்தத்தின் எடையும் அளவோடு சேர்ந்துவிடும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 133 பேரிடம் இதைச் சோதித்து 2024-இல் வெளியிட்டார்கள். மேஜைமேல் வைத்த கையை விட மடியில் வைத்த கையில் மேல் அளவு (இரண்டு எண்களில் பெரியது) சராசரியாக 4 கூடியது, தொங்கவிட்ட கையில் ஆறரை. இந்த வித்தியாசத்திலேயே சிலருக்கு மாத்திரை கூடிவிடும்!

உங்கள் மாமியாருக்கு வந்த 18 வித்தியாசத்துக்கு இது மட்டும் காரணமாக இருக்காது. படியேறி வந்து, டோக்கன் வாங்கி, டாக்டரைப் பார்த்ததுமே சிலருக்கு பிரஷர் எகிறும். அதனால்தான் கிளினிக்கில் 140/90 என்று வைத்திருக்கும் எல்லையை வீட்டு அளவுக்கு 135/85 என்று குறைத்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் பார்க்கும்போது முதலில் பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லுங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்காரட்டும். சீரியல் ஓடக்கூடாது, நீங்களும் பேச்சுக் கொடுக்கக்கூடாது, பேசினாலே அளவு ஏறும். கையை மேஜையில் வைத்து, மேல்கையில் சுற்றும் மெஷின் பட்டை நெஞ்சின் நடு உயரத்துக்கு வரவில்லை என்றால் அடியில் ஒரு தலையணை கொடுங்கள். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் மாலையும், ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதன் சராசரியை டாக்டரிடம் காட்டுங்கள். மூன்றும் மூன்று மாதிரி வந்தது கோளாறு இல்லை, பிரஷர் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறத்தான் செய்யும். மாத்திரையை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் குளறல் இருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கூடாது. இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏற்றுவதும் தப்புதான், அது கயிறு கட்டிய மாதிரி கையை நெரிக்கும். நைட்டியோ தொளதொள சட்டையோ போட்டுக்கொண்டு, கையை வெளியே எடுத்து, முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, வெறும் தோலில் சுற்றுங்கள். அப்புறம் தையல்காரர் டேப்பால் மேல்கையின் நடுச் சுற்றளவை அளந்து பாருங்கள். மெஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைதான். அதை விடப் பருத்த கைக்கு அதையே கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிறது.

கேள்வி: இடது கையா, வலது கையா?
– வாசகர், தென்காசி

பதில்: முதல் தடவை இரண்டிலும் பாருங்கள், எதில் கூடுதலோ அதுதான் இனி உங்கள் கை. திரும்பத் திரும்பப் பார்த்தும் 15-க்கு மேல் வித்தியாசம் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை ஆபரேஷன் செய்து இணைப்பது) போட்ட கையில் மட்டும் பட்டையைச் சுற்றவே கூடாது.