மலையேறிச் சூடான காரில் கழற்றிய வால்வு மைலேஜை என்ன செய்யும்?

கேள்வி: என்னிடம் 2011 ஆல்டோ கே10 இருக்கிறது. பைபாஸில் 18 கொடுத்த வண்டி இப்போது 12தான் கொடுக்கிறது. போன சித்திரையில் ஏற்காடு ஏறும்போது இன்ஜின் சூடாகிவிட்டது. மெக்கானிக் ஒரு வால்வைக் கழற்றிவிட்டு, ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை’ என்றார். அதன்பிறகு சூடாகவில்லை, மைலேஜ்தான் இறங்கிக்கொண்டே போகிறது. பிளக், ஏர் ஃபில்டர், ஆக்ஸிஜன் சென்சார் எல்லாம் மாற்றியாயிற்று. பிளக்கில் கரி, சைலன்சரில் பெட்ரோல் வாடை. தினமும் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து செவ்வாய்ப்பேட்டை கடைக்கு ஓட்டுகிறேன். மாதம் இரண்டுமுறை ஏற்காடு போவேன்.

பதில்: மெக்கானிக் கழற்றியது தெர்மோஸ்டாட். முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டு, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும். பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். எத்தனை டிகிரி என்று அதிலேயே பொறித்திருக்கும். அது இல்லையென்றால் சாவி திருப்பிய நிமிடத்திலிருந்தே ரேடியேட்டர் இன்ஜினைக் குளிர்விக்கத் தொடங்கிவிடும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் அடிக்கும். அந்தக் காலத்து அம்பாசடரில் காலையில் சோக் இழுப்பார்களே, அதே வேலைதான். சில கிலோமீட்டர் கடை ஓட்டத்தில் உங்கள் வண்டி போக வர அரைச் சோக்கிலேயே ஓடுகிறது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கும்போதும் இதே கதை: ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை, எதிர்க்காற்று ரேடியேட்டரில் அடிக்கிறது, இன்ஜின் மேலும் குளிர்கிறது. அடிவாரம் வந்து மிதித்தால் கரியாகத் தள்ளும்.

ஆக்ஸிஜன் சென்சார் மாற்றியது பலிக்காததற்கும் இதுவே காரணமாகலாம். இன்ஜின் குறிப்பிட்ட சூட்டுக்கு வரும்வரை கம்ப்யூட்டர் அந்த சென்சார் சொல்வதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இனி ஊகம் வேண்டாம், அளந்துவிடுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கி, இரவு முழுக்க நின்ற வண்டியில் விடியற்காலையில் செருகுங்கள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 26 காட்டும்போது கூலன்ட் 8 என்று காட்டினால், கோளாறு கூலன்ட் சென்சாரிலோ அதன் சாக்கெட்டிலோ இருக்கிறது. அந்த சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும். கூடுவதையெல்லாம் கம்ப்யூட்டர் குளிர் என்றே எடுத்துக்கொள்ளும்.

இரண்டும் ஒத்திருந்தால் பைபாஸில் 15 நிமிடம் ஓட்டுங்கள். கூலன்ட் 80 தாண்டி அங்கேயே நிற்க வேண்டும். 60, 65இல் தடுமாறினால் காரணம் உறுதி. ஸ்கேனர் கிடைக்கவில்லையா? ஏற்காட்டுக் குளிரில் ஹீட்டரை முழுக்கத் திருப்புங்கள். நன்றாக ஓடிவந்த வண்டியில் வெதுவெதுப்பான காற்று மட்டும் வந்தால் இன்ஜின் சூடாகவில்லை என்று அர்த்தம்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடும் முன், அன்று வண்டி ஏன் சூடானது என்று கண்டுபிடிப்பது மிக முக்கியம். இல்லாவிட்டால் அடுத்த மலையேற்றத்தில் ஹெட் கேஸ்கெட் போய்விடும். ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா, ரேடியேட்டரின் இடுக்குகளில் மண் அடைத்திருக்கிறதா, கூலன்ட் குறைகிறதா என்று பாருங்கள். போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே உப்புப் படிந்திருக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். புது தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்துப் பாருங்கள். பொறித்த எண்ணை ஒட்டித் திறக்க வேண்டும். மாட்டும்போது அதிலுள்ள சின்னக் காற்றுத் துளை மேல்பக்கம் இருக்கட்டும். தெர்மோஸ்டாட்டின் கேஸ்கெட்டையும் புதிதாகப் போடுங்கள். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றி, காற்றை முழுக்க வெளியேற்றுங்கள்.

கூடவே இன்ஜின் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கும். டிப் ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். ஆயிலை அப்படியே விட்டால் அந்த ஆவி மறுபடி இன்ஜினுக்குள் போய் ரிச்சாகவே, அதாவது காற்றுக்குத் தேவையானதைவிடப் பெட்ரோல் கூடுதலாகவே, ஓட வைக்கும்.

இதற்குப் பிறகும் கரி பிடித்தால் சூடான இன்ஜினில் ஃபியூயல் டிரிம் பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை ஸ்கேனரில் காட்டும் எண் அது. மைனஸ் 15, மைனஸ் 20 என்று காட்டினால், கம்ப்யூட்டர் குறைத்தும் பெட்ரோல் எங்கிருந்தோ கூடுதலாக வருகிறது: இன்ஜெக்டர் ஒழுகலாம், பிரஷர் கூடியிருக்கலாம், டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டரிலிருந்து அதை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் இருக்கலாம். கேனிஸ்டரிலிருந்து வரும் குழாயை ஐடிலிங்கில் அழுத்திப் பிடித்ததும் டிரிம் பூஜ்யத்தை நோக்கி வந்தால் பர்ஜ் வால்வுதான். டிரிம் பிளஸ்ஸில் ஏறியும் பிளக் கறுப்பாக இருந்தால், ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். வெளிக்காற்று உள்ளே புகுந்தால் பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்லும்.

மலையின் மேலும் எத்தனாலின் மேலும் முழுப் பழியையும் போட முடியாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கார்புரேட்டர் வண்டி அங்கே சேலத்தைவிட ஏறக்குறைய 6 சதவீதம் ரிச்சாக ஓடும். உங்கள் வண்டியில் பிரஷர் சென்சார் அதைச் சரிக்கட்டிவிடும். ஆனால் மூன்று பேரோடு சேலத்திலிருந்து 1,200 மீட்டர் ஏறுவதற்கு மட்டுமே சுமார் 1.4 லிட்டர் கூடுதலாகச் செலவாகும் என்பதால், ஏறுவதை மட்டும் வைத்து மைலேஜ் கணக்குப் போடாதீர்கள். 20 சதவீத எத்தனால் பெட்ரோலால் குறைவது 6, 7 சதவீதம். 18 வண்டி 17க்கு வரலாம், 12க்கு வராது. அது பிளக்கில் கரியும் பிடிக்க வைக்காது. இறங்கும்போது நியூட்ரல் வேண்டவே வேண்டாம். கியரில் இருந்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், பிரேக்கும் காயாது.

வேலை முடிந்ததும் பேட்டரி நெகட்டிவைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டி, கம்ப்யூட்டர் பழகிவைத்த கணக்கை அழியுங்கள். ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில் டேங்க் நிரப்பி, 300 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பி வகுத்துப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போதே புகைப் பரிசோதனையும் எடுங்கள். பிஎஸ்4 வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் அதைத் தாண்டினால், இத்தனை மாதக் கரியில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.